டீ கோப்பை மேல் வைத்த கை

எங்கள் ஊரில் ஆறிப்போன டீயை யாரும் குடிக்க மாட்டார்கள், மேடம். நீங்கள் அதை எதிரே வைத்துக்கொண்டு வெகுநேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். குடித்துவிட்டுக் கேளுங்கள். நான் எங்கேயும் ஓடப்போவதில்லை. பெங்களூரிலிருந்து அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் வந்திருக்கிறீர்கள். பாதிக் கதையோடு உங்களைத் திருப்பி அனுப்பினால் எனக்கே மனசு கேட்காது.

என் பெயர் ஜெயகரன். தங்கவயல் பொதுப் பாதுகாப்பு வாரியத்தின் செயலாளராக இருக்கிறேன். ‘இருந்தேன்’ என்று உங்கள் ஆள் திருத்தி எழுதுகிறார், எழுதட்டும். திருமண மண்டபம், சினிமா கொட்டகை, லிஃப்ட், திருவிழா ராட்டினம், இப்படி ஜனங்கள் கூடுகிற எந்த இடமானாலும் அது தலையில் விழாது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. நாங்கள் சொல்லிவிட்டால் விழாது என்று ஊரே நம்பியது. பெரும்பாலும் விழவும் இல்லை.

வாரியத்தில் மூன்று இயக்குநர்களின் இடம் காலியானது. ஒருவர் காலமானார். ஒருவர் மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். மூன்றாமவர் ஒவ்வொரு கூட்டத்திலும் தூங்கிப் பழகி, கடைசியில் வீட்டிலேயே தூங்கலாமே என்று ராஜினாமா செய்தார். புது ஆட்களைத் தேடுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் தலைவர் டென்சில் சார் நல்ல மனிதர். ஆனால் அவரை எந்தப் பொறுப்பும் தேடிப் போனதில்லை.

விளம்பரம் கொடுத்தோம். தங்கவயலில் ஓய்வு பெற்றவர்கள் அத்தனை பேருக்கும் பொதுச்சேவை செய்யும் ஆசை இருந்தது அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் படித்தவர்கள். எல்லோரும் ஏதாவது ஒரு சங்கத்தின் முன்னாள் தலைவர்கள். இதில் யாரை எடுப்பது? பட்டத்தைப் பார்த்து ஆள் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பாதுகாப்பு வாரியத்து இயக்குநருக்கு முதல் தகுதி பதறாமல் இருப்பது என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பதறுகிறவன் கையில் பாதுகாப்பைக் கொடுத்தால் ஊரில் ஒரு கல்யாணம் நடக்காது.

இதற்கு எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கு அடியில் பாறை வெடிக்கும். மேலே ஆண்டர்சன்பேட்டையில் அலமாரித் தட்டுகள் குலுங்கும், கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்டும். வெளியூர்க்காரன் வாசலுக்கு ஓடுவான். எங்கள் ஜனங்கள் உள்ளங்கையை டீ கோப்பை மேல் மூடிக்கொண்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். தூள் விழக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. கீழே ஷிஃப்டில் யாராவது ஒருவருடைய அப்பாவோ புருஷனோ இருப்பார். மேலே இருப்பவர்கள் எழுந்து ஓடினால், கீழே இருப்பவர் போய்விட்டார் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அதனால் எழுந்திருக்க மாட்டார்கள். சின்ன வயதில் நான் ஒரு தடவை எழுந்ததற்கு என் அம்மா விட்ட அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது. சுரங்கம் மூடிய பிறகும் லெவல் என்று நாங்கள் சொல்கிற பழைய சுரங்க அடுக்குகளில் தண்ணீர் நிறைந்து எப்போதாவது பூமி லேசாக முனகும். எங்கள் கை தானாகக் கோப்பைக்குப் போய்விடும்.

முதலில் நேர்காணலுக்கு வந்தவர் லாய்ட். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். பாதுகாப்புக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே தரை ஒரு குலுக்குக் குலுக்கியது. அது நிஜமான குலுக்கல், அதில் என் கைவேலை எதுவும் இல்லை. லாய்ட் ஒரு கையால் தன் கோப்பையை மூடினார். இன்னொரு கையால் என் கோப்பையையும் மூடினார். தன் குழு வேளாங்கண்ணியில் பரிசு வாங்கிய கதையை மட்டும் நிறுத்தவே இல்லை. டென்சில் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்த ஆள எடுத்துக்க மேன்,” என்றார் என் காதில். “கையப் பாத்தியா? நடுங்கவே இல்ல.”

எடுத்துக்கொண்டோம். பிரச்சினை அடுத்த ஆளுக்கு வந்தது. லாய்டுக்குப் பூமி ஆடியது, மற்றவர்களுக்கு ஆடவில்லை என்றால் அது நியாயமான தேர்வு ஆகுமா? எல்லோருக்கும் ஒரே கேள்வி கேட்க வேண்டாமா? எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் ரோடு போட வந்த ரோலர் ஒன்று, ரோடு போடாமல் மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர் காத்தவராயனைப் போய்ப் பார்த்தேன். நான் ஜன்னலில் கைக்குட்டையை உதறினால் அவன் சுவரை ஒட்டி ஒரு தரம் ரோலரை விட வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு.

“இன்னாத்துக்கு சார் சும்மா போயி சும்மா வர்றது?” என்று கேட்டான்.

“இயக்குநர் எடுக்கறோம்பா.”

“சினிமாவா சார்? அப்ப நானும் ஓரமா நிக்கட்டுமா?”

அவனுக்கு விளக்கிச் சொல்ல நேரமில்லை. அடுத்து வந்த நளினி ஒரு தனியார் பள்ளியின் தலைமை ஆசிரியை. ரோலர் வந்ததும் கோப்பையைக் கையால்கூட மூடவில்லை. சாஸரை எடுத்துக் கவிழ்த்துவிட்டு, கடைசி பெஞ்சைப் பார்க்கிற மாதிரி சுவரை ஒரு பார்வை பார்த்தார். சுவர் அடங்கிவிட்டது. அவரை எடுப்பதில் இரண்டாவது யோசனையே இல்லை. அவருக்குப் பிறகு வந்த பிரேம் என்கிற இளைஞன் தீத்தடுப்பில் பெரிய படிப்புப் படித்தவன். தரை அதிர்ந்ததும் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டான். குனிந்து பார்த்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். அப்படித்தான் செய்யவேண்டும் என்று பள்ளிக்கூடங்களுக்கு நாங்களே துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்திருந்தோம், வாஸ்தவம்தான். அதற்காக ஒரு இயக்குநர் அதைப் படித்துவிட்டு வரலாமா?

பாருங்கள், வெளியே லாரி போனதற்கே நீங்கள் பாதி எழுந்துவிட்டீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், உங்களையும் நான் எடுத்திருக்க மாட்டேன். உட்காருங்கள்.

மூன்றாவது இடத்துக்கு வந்தவர் முனிசாமி. பூதிகோட்டை பக்கத்தில் கல்யாண மண்டபங்கள் வைத்திருக்கிறார். மண்டபங்களைச் சோதிக்கிற வாரியத்தில் மண்டபக்காரரா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அனுபவம் வேண்டும் என்று விளம்பரத்தில் போட்டதே நாங்கள்தான். ரோலர் வருவதற்குள் அவர் டீயைக் குடித்து முடித்திருந்தார். மூடுவதற்கு எதுவும் இல்லாததால் பக்கத்துத் தட்டிலிருந்த பிஸ்கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

இனி ஜூடித் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்காகத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

ஜூடித் எங்கள் சர்ச் சபைப் பெண். தினமும் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர் போய், பழைய கட்டடங்களைச் சோதித்துச் சொல்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். நாற்பதைத் தாண்டியவள், கெட்டிக்காரி. எனக்கு அவள் மேல் எந்தப் பகையும் கிடையாது. முனிசாமியை இன்னும் உறுதி செய்யாத நேரத்தில் அவளுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று கூப்பிட்டோம். கைக்குட்டையை உதறினேன். ரோலர் வந்தது. ஜூடித் கோப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள், எழுந்தாள், சுவரில் உள்ளங்கையைப் பதித்தாள்.

“இது இன்னா ஆட்டம் சார்?” என்றாள்.

நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம். அவள் வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் ரோலரின் சத்தம் நின்றது. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கோபமே இல்லை, சிரிப்பை அடக்குகிற மாதிரிதான் இருந்தது.

“டிரைவரு எல்லாம் சொல்லிட்டாரு. சினிமா எடுக்கறீங்களாமே,” என்றாள். பிறகு குனிந்து தரையிலிருந்த கோப்பையைக் காட்டினாள். “ரோலர் நின்னுடுச்சி சார். டீயப் பாருங்க, இன்னும் ஆடிக்கினே கீது.”

பார்த்தோம். டீயின் மேல் வட்டம் வட்டமாகச் சுருக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன், டென்சில் சாரும் பார்த்தார். அந்த அறையை ஒட்டி, அதே பின்சுவரின் தொடர்ச்சியில்தான் எங்கள் பெரிய ஹால். கீழே பழைய லெவலில் தண்ணீர் ஏறி மண் கரைகிறதோ என்னவோ, முதலில் ஹாலை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும், இந்த ரோலரை இனிமேல் சுவர்ப் பக்கம் விடவே கூடாது என்றாள் ஜூடித்.

“லாரி போவுதும்மா,” என்றார் டென்சில் சார். எந்த லாரியும் போகவில்லை.

அவளை எடுக்கவில்லை. காரணம் ரொம்ப எளிமையானது, மேடம். அவள் எழுந்துவிட்டாள். எழுந்தவளை எடுத்தால், உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் எடுத்தது தப்பு என்றாகிவிடும். ஒரு கோப்பை டீ ஆடியதற்காக மூன்று இயக்குநர்களைக் கைவிட முடியுமா? ‘தகுதி உண்டு, நிதானம் போதாது’ என்று சொல்லி முனிசாமியை உறுதி செய்தோம். நான் முடிந்தவரை மரியாதையாகத்தான் அவளிடம் சொன்னேன்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தாள். அவளுக்குப் பதவி வேண்டாமாம், ஹாலை மட்டும் ஒரு தரம் பார்க்க விடச் சொன்னாள். சபைப் பெண் கேட்கிறாளே என்று கூட்டிப் போனேன். மேடையின் பின்சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு விரிசல் ஓடியது. எனக்குத் தெரிந்து அது எப்போதும் இருக்கிற விரிசல்தான். ஜூடித் ஏணி போட்டு ஏறி, விரிசலின் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமென்ட்டால் ஒட்டினாள்.

“அண்ணா, இது வளையாது, நீளாது. செவுரு நூல் அளவு நகுந்தா கூட படக்குனு உடைஞ்சிரும். உடைஞ்ச அன்னிக்கே எனக்கு ஒரு போன் பண்ணுங்க. மத்தத நான் பாத்துக்கறேன். உடையலன்னா நான் சொன்னது தப்பு, நீங்க நிம்மதியா இருங்க.”

நியாயமான பேச்சு. நான் ஒத்துக்கொண்டேன். அந்த வாரம் முடிவதற்குள் கண்ணாடி உடைந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு போனைக் கையில் எடுத்தேன். அவள் நம்பர்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் தோன்றியது, பூனை தட்டியிருக்கலாம். அவ்வளவு உயரத்தில் பூனை எதற்குப் போகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஹாலில் பூனைகள் அதிகம். ஆண்டர்சன்பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் அதே அளவு கண்ணாடி வாங்கி, நானே ஏணி ஏறி ஒட்டினேன். அதுவும் உடைந்தது. மறுபடி ஒட்டினேன். மறுபடி உடைந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவமானமாகவும் இருந்தது. வீட்டுக்குத் தெரியாமல் திருட்டு சிகரெட் பிடிக்கிறவன் மாதிரி, செயலாளராகிய நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஆள் இல்லாத நேரம் பார்த்து ஹாலுக்குள் போக வேண்டியிருந்தது. கடைசியில் அந்தக் கடைக்காரரே வழி சொன்னார்.

“கண்ணாடி எதுக்கு சார் அடிக்கடி ஒடச்சிக்கினு? பிளாஸ்டிக் ஷீட்டு கீது. பாக்கறதுக்குக் கண்ணாடிதான். ஆனா ஒடையாது.”

எவ்வளவு நல்ல யோசனை. அவருக்கு அது எதற்கு என்று தெரியாது, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். மேஜை மேல் கவரில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதுதான் அந்தத் துண்டு. அத்தனை கல்லும் தூளான இடத்தில் அது ஒன்றுதான் கீறல் இல்லாமல் கிடைத்தது என்று உங்கள் ஆட்கள் ஆச்சரியப்பட்டார்களாம். நல்ல சரக்கு.

ஜூடித் ஞாயிறுதோறும் வந்தாள். கீழே நின்று டார்ச் அடித்து மேலே பார்ப்பாள். கண்ணாடி முழுசாக இருக்கும். முதலில் நம்பவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் தெளிந்தது. மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ப் புகார் சொல்ல நினைத்திருந்தாளாம், அதை விட்டுவிட்டாள். ஒரு நாள் டார்ச்சை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“மன்னிச்சுடுங்க அண்ணா,” என்றாள். “ரோலர் அதிர்வுல தப்பா கணக்குப் போட்டுட்டேன் போல. உங்க எல்லாரையும் சும்மா பயமுறுத்திட்டேன். ஆபீசுலயும் இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் இவ பயப்படுறான்னு சொல்றாங்க.”

அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் அவள் தலையில் கைவைத்து, பயம் மனுஷ சுபாவம், பழகினால் போய்விடும் என்றேன். அன்றைக்கு வீடு திரும்பும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒரு பெண்ணின் பயத்தைப் போக்கியிருக்கிறேன். நாலு பேருக்குச் சொல்லிப் பெருமைப்பட முடியாத நல்ல காரியம் அது.

புது இயக்குநர்கள் பதவியேற்பதற்கு முன்னால் முதல் வேலையாக எங்கள் ஹாலையே சோதிக்கட்டும் என்றேன். சட்டப்படி எல்லாம் நடக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பு. முனிசாமி நடுவில் நின்று கைதட்டிப் பார்த்துவிட்டு, எதிரொலி நன்றாக வருகிறது, நாதஸ்வரத்துக்குத் தோதான இடம் என்றார். லாய்ட் ஒரு ஸ்வரம் பிடித்துப் பார்த்து அதை ஆமோதித்தார். நளினி ஜன்னல் விளிம்பில் விரலால் தேய்த்து, தூசி இருக்கிறது, துடைக்க வேண்டும் என்றார். துடைத்தோம். ஹால் பாதுகாப்பானது என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். கண்ணாடி எதற்கு அங்கே ஒட்டியிருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் ஆள் எடுத்தது வீண் போகவில்லை.

பதவியேற்பு நாளன்று ஹால் நிறைந்திருந்தது. லாய்டின் பாடகர் குழு, நளினியின் பள்ளி ஆசிரியைகள், முனிசாமியின் சொந்தக்காரர்கள். முனிசாமியின் அலங்கார ஆள் அந்தக் கண்ணாடியை ஏதோ சாமி சமாச்சாரம் என்று நினைத்து அதைச் சுற்றி மல்லிகைச் சரம் கட்டிவிட்டான். ஜூடித்துக்கு நானே நேரில் போய் அழைப்புக் கொடுத்திருந்தேன். அவள் முன்வரிசையிலேயே உட்கார்ந்தாள். மல்லிகைச் சரத்தைப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாட்டு முடிந்து எல்லோருக்கும் டீ வந்தது. கோப்பையும் சாஸருமாக, முறைப்படி. மேடையில் டென்சில் சார் பேச எழுந்தார். இந்த ஊர் பயந்த ஊர் இல்லை என்று அவர் ஆரம்பிக்கும்போது தரை அதிர்ந்தது. கூரையிலிருந்து தூள் இறங்கியது. அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மேடம். அத்தனை கையும் ஒரே நேரத்தில் அத்தனை கோப்பைகள் மேலும் போயின. ஒருவர் எழவில்லை. ஒரு குழந்தை அழ ஆரம்பித்ததும் அதன் அம்மா சத்தம் வராமல் அதட்டினாள். டென்சில் சார் பேச்சை நிறுத்தவே இல்லை. என் ஜனங்கள் என்று நினைத்தேன்.

ஜூடித் மட்டும் பாதி எழுந்தாள்.

முதலில் மேலே பார்த்தாள். கண்ணாடி உடையவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். நான் மேடை ஓரத்தில், பக்கக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் உதடு மட்டும் அசைந்தது. “ரோலரா?”

நளினி டீச்சர் ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொன்னது சரிதான். நான் தலையாட்டினேன். ஆமாம், ரோலர் என்று. கூடவே என் கையை என் கோப்பை மேல் வைத்துக் காட்டினேன். ஜூடித்துக்கு வெட்கமாகிவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவளும் தன் கையைக் கோப்பை மேல் வைத்துக்கொண்டாள். முதல் தடவையாக. அன்றைக்கு நேர்காணலாக இருந்திருந்தால் அவளை எடுத்திருப்பேன்.

அன்றைக்கு ரோலர் ஓடவில்லை என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். கைக்குட்டையை உதற வேண்டியவன் நான்தானே. நான் உதறவில்லை. அப்போது திரும்பி மேலே பார்த்தேன். மல்லிகைச் சரத்துக்கு நடுவில் அந்த பிளாஸ்டிக் துண்டு வில் மாதிரி வளைந்திருந்தது. கண்ணாடி வளையாது என்று ஜூடித் சொன்னது நினைவுக்கு வந்தது. கீழேயிருந்து அவளுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

எழுந்திருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எல்லோரும் எழுந்திருப்பார்கள், என் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆனால் அத்தனை பேர் முன்னால், இயக்குநர்கள் பதவியேற்கிற மேடையில், வாரியத்தின் செயலாளர் எப்படி அதைச் சொல்வது? ஜூடித் என்ன நினைப்பாள்? இப்போதுதான் அவளைத் திருத்தியிருக்கிறேன். அதனால் நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் போடாமல் பக்கக் கதவைத் திறந்துகொண்டு பின்பக்கம் வந்தேன். ஓடவில்லை. நடந்தேன், வேட்டி தடுக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு. புளியமரம் வரைக்கும் நடந்தேன்.

ரோலர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. காத்தவராயன் அதன் மேல் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“இன்னா சார், மீட்டிங் முடிஞ்சிடுச்சா?” என்றான்.

பதில் சொல்வதற்குள் என் முதுகுக்குப் பின்னால் மேடைச் சுவர் பூமிக்குள் போனது, அதைத் தொடர்ந்து கூரையும். அவன் பொட்டலத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். வெறும் கையால் கல்லைப் புரட்டி நளினி டீச்சரை இழுத்துப் போட்டவன் அவன்தான். அந்த ஆளுக்கு ஏதாவது விருது கொடுக்க வேண்டும் என்று வாரியத்தின் சார்பில் நான் எழுதித்தருகிறேன். டென்சில் சார், லாய்ட், முனிசாமி, முன்வரிசை முழுக்க, யாரையும் உயிரோடு எடுக்க முடியவில்லை. ஜூடித்தை எடுத்தபோது நான் அங்கே நின்றிருந்தேன். அவள் கை கோப்பையைப் பிடித்தபடி இருந்தது. அவளுக்காக அன்று நான் அழுதேன், யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

நான் இப்போது எதையும் மறைக்கவில்லை. கண்ணாடியை மாற்றியது நான். ஹாலை மூடவிடாமல் செய்தது நான். ரோலர் என்று தலையாட்டி அவளை உட்கார வைத்தது நான். நீங்கள் எந்தப் பெயர் வைத்து வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரே ஒரு இடத்தில் உங்கள் ஆள் எழுதியிருப்பதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. ‘உயிருக்குப் பயந்து வெளியேறினார்’ என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். மேடையில் டீ தீர்ந்துபோயிருந்தது. தலைவர் பேசி முடித்ததும் இன்னொரு சுற்று வேண்டுமே என்று பார்க்கத்தான் எழுந்தேன்.

என் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த ஸ்டீல் பிளாஸ்கை சாயங்காலம் கல்லுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள், அது நிறைய டீ இருந்தது, அப்போதும் சூடாக இருந்தது என்கிறீர்கள். இருக்கும், நல்ல பிளாஸ்க், வாரியத்துக்கு நான்தான் பார்த்து வாங்கினேன். அது ஆறியிருக்கும் என்று நினைத்துவிட்டேன், மேடம். அவ்வளவுதான். பயப்படுகிற ஆளை நான் அந்த மேடையில் ஏற்றியதே இல்லை.